கட்டிலில் இருப்பவளே கதை சொன்னால்

2000ஆம் ஆண்டில், பின்னாளில் நாவலாசிரியரான ஜான் கிரீனுக்கு வயது 22. கென்யன் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் சமயவியலும் படித்து முடித்த கையோடு, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி ஆன்மகுருவாகச் சேர்ந்தார். எபிஸ்கோபல் திருச்சபையில் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்போதைய திட்டம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் இடமும் கிடைத்திருந்தது. மருத்துவமனையில் சுமார் ஐந்து மாதம் வேலை பார்த்தார். அதற்குப் பிறகு இறையியல் பள்ளிப் பக்கம் அவர் போகவே இல்லை.

மருத்துவமனை ஆன்மகுருவின் வேலை வெளியிலிருந்து பார்த்தால் வேலை மாதிரியே தெரியாது. டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். நர்ஸுக்குக் கைநிறைய வேலை இருக்கும். அந்த நேரத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டால் ஜெபம் செய்ய வேண்டும். கேட்காவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். எழுந்து போய்விட மட்டும் கூடாது. கடுமையான தீக்காயங்களோடு கொண்டுவரப்பட்ட ஒரு மூன்று வயதுக் குழந்தையை கிரீனால் மறக்கவே முடியவில்லை. அந்தக் குழந்தைக்காகத் தினமும் ஜெபித்தவர், அது பிழைத்ததா என்று விசாரிக்கவே பயந்து பல வருடம் இருந்தார். பிறகு ஒருநாள் துணிந்து இணையத்தில் தேடி, அது வளர்ந்து ஆளாகி உயிரோடு இருப்பதைக் கண்டுகொண்டார். இதை 2021இல் வந்த ‘தி ஆந்த்ரபொசீன் ரிவ்யூட்’ கட்டுரைத் தொகுப்பில் எழுதியிருக்கிறார்.

அந்த மருத்துவமனையை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்ற அந்த நாவல் அச்சாகி வந்ததோ 2012 ஜனவரி 10ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் அதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார். பழைய வரைவுகளில் கதாநாயகன் ஓர் இளம் ஆன்மகுரு. ஏறக்குறைய கிரீனேதான், தன்னைவிடக் கொஞ்சம் அழகானவன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நோயுற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி வந்துபோனார்கள்.

கைப்பிரதி படித்துப் பழகிய எவருக்கும் இந்த வரைவு ஏன் எழும்பவில்லை என்பது புரியும். கதை சொல்கிறவன் நல்ல உடம்போடு கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறான். கட்டிலில் ஒரு பிள்ளை சாகிறது. அவன் கலங்குகிறான், தெளிகிறான், முன்னைவிட நல்லவனாகி வீட்டுக்குப் போகிறான். அந்தப் பிள்ளையின் சாவு அவனுடைய வளர்ச்சிக்கு உரமாகப் போய்விடுகிறது. படிப்பவருக்கு அழுகை வரும். அழுது முடித்த பிறகு, செத்துப்போன பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யார் மேல் கோபம், எதைக் கண்டால் சிரிப்பு என்று கேட்டால் ஒன்றும் நினைவுக்கு வராது. ஏனென்றால் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

துக்கத்தையும் முதல் காதலையும் ஒரே கதையில் வைத்து எழுதுகிறவர்களின் தொழிலில் ஆதாரமான கஷ்டம் இதுதான். சாவை எழுதுவது அவ்வளவு கடினமில்லை. சாகப்போகிறவரை முழு ஆளாக எழுதுவதுதான் கடினம்.

கிரீனுக்கு முன்பே இந்தத் தடத்தில் நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள். எரிக் சீகலின் ‘லவ் ஸ்டோரி’ 1970இல் வந்து உலகத்தையே அழவைத்தது. கதை சொல்வது ஆலிவர். அவன் வாயைத் திறக்கும்போதே ஜென்னி இறந்துபோயிருக்கிறாள். புத்தகம் முழுக்க அவள் அவனுடைய நினைவாகவே இருக்கிறாள். தன் மகனுக்குச் சிறு வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து எழுதத் தொடங்கிய லுர்லீன் மெக்டேனியல், நோயுற்ற பதின்பருவத்தினரைப் பற்றி எத்தனையோ நாவல்கள் எழுதினார். அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் அவை கைமாறிக்கொண்டே இருந்தன. அந்த வகையை இலக்கியக்காரர்கள் மட்டமாகப் பேசியதுண்டு. அது நியாயமில்லை. பதினைந்து வயதில் தோழியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு வேறு யார் புத்தகம் எழுதினார்கள்?

ஆன்மகுரு வேலையை விட்ட கிரீன் சிகாகோவுக்குப் போய், அமெரிக்க நூலகச் சங்கம் நடத்தும் ‘புக்லிஸ்ட்’ மதிப்புரை இதழில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிய மதிப்புரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சில வரிகளுக்குள் ஒரு புத்தகம் நிற்கிறதா விழுகிறதா என்று சொல்லும் பழக்கம், எழுத வருகிறவனுக்கு எந்தப் பட்டறையும் தராத பயிற்சி. அந்த இதழில் சிறுவர் நூல் பகுதியைக் கவனித்துவந்தவரும், தானே சிறுவர்களுக்கு நிறைய எழுதியவருமான ஐலீன் கூப்பர், கிரீனின் முதல் நாவல் வரைவைப் படித்துத் திருத்தச் சொல்லி, மறுபடி படித்து வழிகாட்டினார். அதுதான் ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’. 2005இல் வெளிவந்து, இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை 2006இல் பெற்றது.

மைல்ஸ் என்ற பையன் விடுதிப் பள்ளிக்கு வருகிறான். பெரிய மனிதர்கள் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைப்பது அவன் பழக்கம். அங்கே அலாஸ்கா என்ற பெண்ணைக் கண்டு மயங்குகிறான். புத்தகத்தின் நடுவில் ஒரு நள்ளிரவில் அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, மோதி இறந்துபோகிறாள். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. சாவுக்கு 136 நாள் முன்பு என்று தொடங்கி, 136 நாள் பின்பு என்று முடிகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, இனிமேல் காலத்தையே முன், பின் என்று பிரித்துத்தான் பேசுவோம் என்று தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டபோது இந்த வடிவம் தோன்றியது என்று கிரீன் சொல்லியிருக்கிறார். துக்கம் கண்ட எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு ஓடும். அப்பா இருந்தபோது, அப்பா போன பிறகு என்றுதான் எல்லாப் பேச்சும் தொடங்கும். அந்தக் கணக்கையே அத்தியாயத் தலைப்பாக்கியது கெட்டிக்காரத்தனம்.

ஆனாலும் அலாஸ்கா கட்டிலின் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அது விபத்தா, அவளாகத் தேடிக்கொண்டதா என்று பையன்கள் துப்புத்துலக்குகிறார்கள், விடை கிடைக்கவில்லை. தான் கற்பனை செய்துகொண்ட பெண் வேறு, செத்துப்போன பெண் வேறு என்பதை மைல்ஸ் மெதுவாக உணர்கிறான். நேர்மையான நாவல்தான். என்றாலும் படித்து மூடியபோது நம் கையில் இருப்பது மைல்ஸின் மனம். அலாஸ்காவின் மனம் காரோடு போய்விட்டது.

இந்த இடத்தில் எழுத்தாளர் கேத்ரின் பேட்டர்சனைச் சொல்லாமல் போகக் கூடாது. 1974 கோடையில், அவருடைய எட்டு வயது மகனின் நெருங்கிய தோழி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்துபோனாள். அதே வருடம்தான் பேட்டர்சனுக்கே புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மகனின் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அவர் எழுத உட்கார்ந்ததுதான் ‘பிரிட்ஜ் டு டெரபிதியா’. கதையில் வரும் சிறுமி லெஸ்லி சாக வேண்டிய அத்தியாயம் நெருங்கியதும் எழுத்து நின்றுவிட்டது. அலமாரியைத் துடைத்தார், வீட்டைத் துப்புரவாக்கினார், எழுதவில்லை. அந்தப் பெண்ணைச் சாகவிட மனம் வரவில்லை என்று ஒரு தோழியிடம் சொன்னபோது, உன்னால் எதிர்கொள்ள முடியாதது மகனின் தோழியுடைய சாவு அல்ல, உன் சாவு என்ற பொருளில் அவர் திருப்பிச் சொன்னார். பேட்டர்சன் நேரே வீட்டுக்குப் போய் அத்தியாயத்தை எழுதி முடித்தார்.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. கைப்பிரதியைப் படித்த எடிட்டர் வர்ஜீனியா பக்லி, இது சாவைப் பற்றிய கதையா, நட்பைப் பற்றிய கதையா என்று கேட்டார். அதுவரை சாவைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று நினைத்திருந்த பேட்டர்சனுக்கு, இல்லை, நட்புதான் என்று அப்போதுதான் தெளிவாகியது. உடனே பக்லி அடுத்ததைக் கேட்டார்: நட்பு என்றால் இரண்டு பேரும் மாற வேண்டும், லெஸ்லியால் அவள் நண்பன் ஜெஸ் மாறியது தெரிகிறது, ஜெஸ்ஸால் லெஸ்லி எப்படி மாறினாள்?

எந்த எடிட்டரும் ஒரு துக்க நாவலிடம் இதைவிடக் கூர்மையாக எதையும் கேட்டுவிட முடியாது. செத்துப்போகிறவருக்கும் மாற உரிமை வேண்டும். இருப்பவரால் அவருக்கும் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகப் பேட்டர்சன் திரும்பிப் போய்ப் புதிதாக எழுதிய பகுதியில், பள்ளியில் எல்லோரையும் மிரட்டும் ஒரு பெண்ணிடம் இரக்கம் காட்ட ஜெஸ் மூலம் லெஸ்லி கற்றுக்கொள்கிறாள். புத்தகம் 1977இல் வந்தது, 1978இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. அது பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளின் கதை, காதல் கதை அல்ல. ஆனால் பக்லியின் கேள்வியைக் காதல் கதைக்கும் அப்படியே போடலாம்.

கிரீனுக்கு அந்தக் கேள்வியைப் போட்டது ஒரு எடிட்டர் அல்ல, ஒரு வாசகி. 2009இல் பாஸ்டனில் ஹாரி பாட்டர் ரசிகர்கள் கூடிய மாநாட்டில் எஸ்தர் எர்ல் என்ற பெண்ணைச் சந்தித்தார். எஸ்தருக்குத் தைராய்டு புற்றுநோய், நுரையீரலுக்குப் பரவியிருந்தது, மூக்கில் ஆக்சிஜன் குழாய் எப்போதும் இருந்தது. கிரீனும் தம்பி ஹாங்கும் 2007 முதல் இணையத்தில் போட்டுவந்த வீடியோக்களின் ரசிகை. இருவரும் நண்பர்களானார்கள். 2010 ஆகஸ்ட் 25 அன்று, 16 வயது முடிந்து மூன்று வாரத்தில், எஸ்தர் இறந்துபோனாள்.

அவள் வேடிக்கைக்காரி, கோபக்காரி, நண்பர் கூட்டத்தின் நடுவில் இருந்தவள். மருத்துவமனையில் ஐந்து மாதம் இருந்தும் கிரீனுக்குப் புரியாதது அவளோடு பழகியதில் புரிந்தது. குறுகிய ஆயுளும் நிறைந்த ஆயுளாக இருக்கலாம் என்பதை அவளிடம்தான் கண்டதாகவும், அவளைத் தெரிந்திராவிட்டால் இந்த நாவலை எழுதியிருக்க முடியாது என்றும் பலமுறை சொல்லியிருக்கிறார். நாவலை அவளுக்கே சமர்ப்பித்தார். கூடவே, நாவலின் நாயகி ஹேசல் எஸ்தர் அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னார். புத்தகத்தின் முன்பக்கத்திலேயே, இது கற்பனை, இதில் நிஜத்தைத் தேடாதீர்கள் என்று வாசகருக்குக் குறிப்பு வைத்தார். அது வெறும் சட்டப் பாதுகாப்பு இல்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் வாயில் அவள் சொல்லாத வார்த்தைகளைப் போடமாட்டேன் என்ற மரியாதை அது.

ஆன்மகுரு கதையிலிருந்து காணாமல் போனான். கட்டிலில் இருந்தவள் பேசத் தொடங்கினாள்.

‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலில் ஹேசல் கிரேஸ் லான்காஸ்டருக்கு வயது 16. ஊர் இண்டியானாபொலிஸ், கிரீனின் சொந்த ஊர். பதின்மூன்று வயதில் நான்காம் கட்டத் தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. போகுமிடமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியை இழுத்துக்கொண்டே போகிறாள். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் தேவாலயத்தின் நிலவறையில் நடக்கும் ஆதரவுக் குழுவுக்குப் போகிறாள். அங்கே எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த அகஸ்டஸ் வாட்டர்ஸைப் பார்க்கிறாள். எப்படியும் வெடிக்கப்போகிற தான், வெடிக்கும்போது சுற்றியிருப்பவர்களைக் காயப்படுத்தக் கூடாது என்று காதலிலிருந்து ஒதுங்கி நிற்கிறாள். இந்த ஒரு தயக்கத்தில்தான் நாவலின் துக்கமும் காதலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஹேசலுக்குத் தன் சாவைவிடத் தன் சாவுக்குப் பிறகு அம்மா என்ன ஆவாள் என்பதுதான் பெரிய கவலை.

நோயாளியையே கதை சொல்ல வைத்தால் ஒரு தொழில் சிக்கல் உண்டு. கதை நடுவே அவர் இறந்துவிட்டால் மீதியை யார் சொல்வது? கிரீன் இந்தச் சிக்கலை மறைக்காமல் கதைக்குள்ளேயே எடுத்து வைத்தார். ஹேசலுக்கு உயிரான ஒரு நாவல் உண்டு. பீட்டர் வான் ஹூட்டன் என்பவர் எழுதியதாகக் கிரீன் கற்பனை செய்தது. புற்றுநோய் வந்த பெண் தானே சொல்லும் கதை, ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் அம்மா என்ன ஆனாள் என்று கேட்கத்தான் ஹேசலும் அகஸ்டஸும் ஆம்ஸ்டர்டாம் வரை போகிறார்கள். வான் ஹூட்டனோ குடிகாரர், குரூரமாகப் பேசுகிறவர், பதில் சொல்ல மறுக்கிறார். லுக்கேமியாவில் எட்டு வயது மகளை இழந்தவர் அவர் என்பது பின்னால் தெரியவருகிறது. துக்கத்தைப் புத்தகமாக்கிவிட்டால் ஆறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அவர் சரியான மறுப்பு.

2011இல் நெதர்லாந்து இலக்கிய அமைப்பின் உதவியோடு கிரீன் இரண்டு மாதம் ஆம்ஸ்டர்டாமில் தங்கி எழுதினார். அந்தத் தங்கலின் பலன் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆன் ஃபிராங்க் இல்லத்தின் படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் 4 வரை யூதச் சிறுமி ஆனின் குடும்பம் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த பின்கட்டுக்கு ஏறும் படிகள் ஏணி போலச் செங்குத்தானவை. நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும். ஹேசல் சிலிண்டரோடு ஏறுகிறாள். பின்னால் வருகிறவர்களிடம் ஒவ்வொரு படியிலும் மன்னிப்புக் கேட்பது போலிருக்கிறது அவள் நிலை. மேலே போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அகஸ்டஸுக்கு முதல் முத்தம் கொடுக்கிறாள்.

இந்தக் காட்சியைப் பலர் கண்டித்தார்கள். இனப்படுகொலையின் நினைவிடத்தில் முத்தமா என்றார்கள். கேள்வி சாதாரணமானதல்ல. ஆனால் ஆன் எழுதிய நாட்குறிப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு முதல் காதல் இருப்பது தெரியும்: அதே வீட்டில் ஒளிந்திருந்த பீட்டரோடு பரண் அறையில் உட்கார்ந்து பேசிய பொழுதுகள். அடைபட்ட வீட்டில், சாவு வாசலில் நிற்கும்போது, ஒரு பெண் தன் குரலில் தன் கதையைத் தானே சொன்னாள். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தபோது அவளுக்கு 15 வயது. ஹேசலுக்கு மூத்த அக்கா ஒருத்தி உண்டென்றால் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

மருத்துவ விவரங்களில் கிரீன் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஹேசலை உயிரோடு வைத்திருக்கும் ஃபாலான்க்சிஃபோர் என்ற மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்பதற்காக உருவாக்கியது என்று நன்றியுரையில் சொல்லிவிடுகிறார். புற்றுநோயின் நிஜ வரலாறு வேண்டுமென்றால் சித்தார்த்த முகர்ஜியின் ‘தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்’ படியுங்கள் என்று வாசகரை அங்கே அனுப்பிவைக்கிறார். மருந்து கற்பனை, மூக்குக் குழாய் காதோரம் உரசுவதும், நுரையீரலில் நீர் கோத்துத் தூக்கம் கலைவதும் நிஜம். எதை உருவாக்கலாம், எதை உருவாக்கக் கூடாது என்ற இந்தக் கணக்கில் அவர் தடுமாறவில்லை.

நோயாளி என்றாலே தியாகி, பொறுமையின் சிகரம் என்ற வார்ப்பை அவர் உடைத்த இடங்கள்தான் நாவலின் வலிமையான இடங்கள். அகஸ்டஸுக்கு முன்பு ஒரு காதலி இருந்தாள். மூளையில் கட்டி. அது வளர வளர அவள் குணமே மாறி, சுற்றியிருந்தவர்களைக் குத்திக் குத்திப் பேசினாள். சாகப்போகிற பெண்ணை விட்டு விலகவும் முடியாமல், அவள் பேச்சைத் தாங்கவும் முடியாமல் அகஸ்டஸ் தவித்தான். பழைய கண்ணீர்க் கதைகளில் இந்தப் பெண்ணுக்கு இடமே கிடைத்திருக்காது. புற்றுநோய் வார்டில் இருந்து பார்த்தவர்தான் இவளை எழுத முடியும்.

இன்னும் கடினமானது பெட்ரோல் பங்க் காட்சி. பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொள்வது அகஸ்டஸின் பாணி. கொல்லும் பொருளை வாயில் வைத்துக்கொண்டே அதற்குக் கொல்லும் அதிகாரம் கொடுக்காமல் இருப்பதாக அவன் தத்துவம் பேசுவான். வாசகிகள் அந்தப் பாணிக்கு மயங்கியிருப்பார்கள். நாவலின் பின்பகுதியில், நோய் திரும்பி உடம்பு முழுக்கப் பரவிய பிறகு, ஒரு பின்னிரவில் ஹேசலுக்குப் போன் வருகிறது. யாருக்கும் தெரியாமல் தானே கார் ஓட்டிக்கொண்டு சிகரெட் வாங்கப் போயிருக்கிறான். பாக்கெட் தொலைந்துவிட்டதாம். வேறு எதையும் தானாகச் செய்துகொள்ள முடியாத நிலையில் இந்த ஒன்றையாவது தானே செய்ய வேண்டும் என்ற வீம்பு. ஹேசல் போய்ப் பார்க்கும்போது வாந்திக்கு நடுவில் கிடக்கிறான், வயிற்றில் உணவுக் குழாய் செருகிய இடம் சீழ் பிடித்துப் பழுத்திருக்கிறது, அழுகிறான், ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே என்று கெஞ்சுகிறான். அவள் கூப்பிடுகிறாள். சாவின் முன் கம்பீரமாக நிற்பான் என்று நாம் எதிர்பார்த்த பையனை அந்த நிலையில் காட்டிவிட்டு, அப்போதும் அவள் அவனைக் காதலிப்பதைக் கிரீன் காட்டுகிறார். இந்த மூன்று நான்கு பக்கங்களுக்காகத்தான் அத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று சொல்லலாம்.

அடுத்து வரும் இரண்டு இரங்கல் உரைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் இறுதிச் சடங்கில் என்ன பேசப்போகிறார்கள் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்க அகஸ்டஸ் ஆசைப்படுகிறான். ஹேசலும், புற்றுநோயில் இரு கண்களையும் இழந்த நண்பன் ஐசக்கும் தேவாலய நிலவறையில் அவன் முன்னால் பேசுகிறார்கள். அங்கே ஹேசல் சொல்வது அவர்கள் மூவருக்குமான பேச்சு. எட்டு நாளில் அவன் போய்விடுகிறான். உண்மையான இறுதிச் சடங்கில் எழுந்து நிற்கும் ஹேசல், எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, அகஸ்டஸின் அம்மாவும் அப்பாவும் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்த ஆறுதல் வாசகங்களைப் போலவே எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவளும் அகஸ்டஸும் சேர்ந்து சலித்துக்கொண்ட வாசகங்கள்தான். ஆனால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த அறையில் எதைச் சொல்ல வேண்டும் என்பது ஆன்மகுருவின் முதல் பாடம். கிரீன் தன் பழைய வேலையை முழுசாக ஹேசலிடம் ஒப்படைத்த இடம் இது.

இருப்பவர் பக்கத்திலிருந்தும் இதே கஷ்டத்தைச் சரியாக எழுதியவர்கள் உண்டு. பல வருடம் இலக்கிய முகவராக இருந்து, பிறர் கைப்பிரதிகளை விற்றுக் கொடுத்துவந்த ஜாண்டி நெல்சன், 2010இல் ‘தி ஸ்கை இஸ் எவ்ரிவேர்’ நாவலோடு வந்தார். லெனி வாக்கருக்கு வயது 17. நாடக ஒத்திகையில் நின்றுகொண்டிருந்த அக்கா பெய்லி, இதயத் துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள். துக்கத்தில் இருக்கும் லெனியின் மனம் முதலில் சாய்வது அக்காவின் காதலன் டோபியிடம். அக்காவைத் தன் அளவுக்கு இழந்தவன் அவன் ஒருவன்தான் என்ற நெருக்கம். அதே நேரம் ஊருக்குப் புதிதாக வந்த ஜோ மீது உண்மையான காதலும் வருகிறது. சிரிக்கும்போதெல்லாம் அக்காவுக்குத் துரோகம் செய்வதாக அவளுக்குப் படுகிறது. சாவு நடந்த வீட்டில் பதினேழு வயதுக்காரிக்குக் காதல் வந்தால் அது எவ்வளவு வெட்கமாகவும் எவ்வளவு தவிர்க்க முடியாததாகவும் இருக்கும் என்பதை நெல்சன் மழுப்பாமல் எழுதினார். லெனி காகிதத் துண்டிலும் காபிக் கோப்பையிலும் மரக்கிளையிலும் கவிதை எழுதி ஊரெங்கும் விட்டுவிட்டுப் போகிறாள். அவை அத்தியாயங்களுக்கு நடுவில் வந்துகொண்டே இருக்கின்றன. பெய்லியைப் பற்றி வாசகர் தெரிந்துகொள்வதில் பெரும்பங்கு அந்தத் துண்டுகளிலிருந்துதான். 2022இல் இது படமாகவும் வந்தது.

கிரீனின் நாவலுக்கு நேர்ந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. முன்பதிவு செய்கிற எல்லோருக்கும் கையெழுத்துப் போட்ட பிரதி தருகிறேன் என்று 2011 கோடையில் சொல்லிவிட்டார். கடைசியில் முதல் அச்சான 1,50,000 பிரதிகளுக்கும் தாள் தாளாகக் கையெழுத்திட்டு முடித்தார். 2014இல் ஜாஷ் பூன் இயக்கி, ஷைலீன் வுட்லியும் ஆன்சல் எல்கார்ட்டும் நடித்த படம், ஒன்றேகால் கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு, முப்பது கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பதின்பருவத்துப் பெண்களின் அழுகையை விற்கிறார்கள் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் அழுததோடு நிற்கவில்லை. ஹேசல் போலவே எழுத்தாளரைக் கேள்வி கேட்டார்கள். நாவல் முடிந்த பிறகு ஹேசல் என்ன ஆனாள் என்று கிரீனை இன்றும் கேட்கிறார்கள். அவர் சொல்வதில்லை. புத்தகத்துக்கு வெளியே தனக்கு எதுவும் தெரியாது என்கிறார்.

இந்தக் கதை இந்தியாவுக்கும் வந்தது. முகேஷ் சாப்ரா இயக்கிய ‘தில் பேச்சாரா’ என்ற இந்திப் படம் இண்டியானாபொலிஸை ஜாம்ஷெட்பூர் ஆக்கி, ஆம்ஸ்டர்டாமை பாரிஸ் ஆக்கியது. இசை ஏ.ஆர்.ரஹ்மான். அகஸ்டஸின் இடத்தில் வரும் மேனி, தீவிர ரஜினி ரசிகன். சாவின் முன் பாணியோடு நிற்க விரும்பும் இந்தியப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைத்திருக்காது. மேனியாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14 அன்று இறந்துபோனார். படம் ஜூலை 24 அன்று ஓடிடியில் வந்தது. உயிரோடு இருக்கும்போதே நண்பர்களின் இரங்கல் உரையைக் கேட்கும் அந்தக் காட்சியை அன்றைக்குப் பார்த்தவர்களால் அதைக் கதையாகப் பார்க்க முடியவில்லை. அந்தப் படத்தின் நிறைகுறைகளை நிதானமாகப் பேச அப்போது யாருக்கும் மனமில்லை. இன்னும் ஒருமுறை பார்த்துப் பேச வேண்டிய படம் அது.

கிரீன் அடுத்த நாவலுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2017இல் வந்த ‘டர்டில்ஸ் ஆல் த வே டவுன்’ நாவலில் அப்பாவை இழந்த ஏசாவும், அப்பா காணாமல் போன டேவிஸும் காதலிக்கிறார்கள். ஏசாவுக்கு இருக்கும் ஓயாத எண்ணச்சுழல் நோய் கிரீனுக்கே சிறு வயது முதல் இருப்பது. இந்த முறை கட்டிலில் இருந்தவர் அவரே. ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ அளவுக்கு அது கண்ணீரை வரவழைக்காது. ஆனால் முத்தத்தின் நடுவிலேயே கிருமிகளைப் பற்றிய பயம் ஏசாவின் மூளைக்குள் புகுந்துவிடும் இடம், நோயும் காதலும் ஒரே உடம்பில் குடியிருப்பதை ஹேசலின் கதையைவிட நெருக்கமாகக் காட்டுகிறது.

ஹேசலின் கதையைப் படித்தவர்கள் கூடவே படிக்க வேண்டிய இன்னொரு புத்தகம் இருக்கிறது. எஸ்தர் எர்லின் நாட்குறிப்புகள், கடிதங்கள், கிறுக்கல் படங்கள், நண்பர்களோடு அவள் தட்டச்சு செய்த அரட்டை ஆகியவற்றை அவளுடைய பெற்றோர் தொகுத்து, 2014இல் ‘திஸ் ஸ்டார் வோன்ட் கோ அவுட்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். முன்னுரை ஜான் கிரீன். அதில் இருக்கும் பெண் ஹேசலைப் போலக் கோத்து வைத்த வாக்கியங்களில் பேசுவதில்லை. அம்மாவோடு சண்டை போடுகிறாள், பூனைகளைக் கொஞ்சுகிறாள், ஹாரி பாட்டரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறாள், பயப்படுகிறாள். தன் பிறந்தநாளான ஆகஸ்ட் 3ஆம் தேதியைக் கிரீன் சகோதரர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுவதாகச் சொன்னபோது, அது அன்பைச் சொல்லும் நாளாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். காதலர்களுக்குத்தான் வேறு நாள் இருக்கிறதே. இது அம்மா, அப்பா, தம்பி, தோழிகள் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்களிடம் சொல்வதற்கான நாள் என்றாள். கிரீன் சகோதரர்கள் அந்த நாளில் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.